அக்காவின் தூளியில் என் பட்டைகள்

என் ஏழுமலை மாமாவுக்கு,

தோஸ்தாக வந்து, என் அக்காவைக் கட்டி, மாமாவானவனே, எப்படி இருக்கிறாய்? நீ போன இடத்தில் வெயில் உண்டா, அங்கேயும் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறாயா? இங்கே எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் லாரிகள் வழக்கம்போல வரிசைகட்டி நிற்கின்றன. உன் டீக்கடையில் பழைய பெஞ்சை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். நீ சாய்ந்த இடத்தில் உட்கார யாருக்கும் மனசு வரவில்லையாம்.

சிம்னி உச்சியில் தொங்கிப் பிழைத்தவன் நீ. கடைசியில் கையில் டீ கிளாஸோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தரையில் போய்ச் சேர்ந்தாய். உனக்காக நான் அழுததைத் திருவொற்றியூரே பார்த்தது. காரியம் முடிகிற வரைக்கும் அழுதேன். அதற்கு மறுநாளிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் இப்போது முதலிலிருந்து சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள். கயிற்றில் தொங்கி வேலை செய்கிற நாலு பேராவது இதைப் படிக்கட்டும்.

நம் வேலை அவர்களுக்குத் தெரியும். சிம்னிக்குப் பெயின்ட் அடிப்பது, பெரிய தொட்டிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. மேலே இரும்புச் சட்டத்தைச் சுற்றி நைலான் பட்டை, பட்டையில் கொக்கி, கொக்கியில் கயிறு, கயிற்றில் ஆள். ஆளுக்கு இரண்டு பட்டை, இரண்டு கயிறு. ஒன்று கைவிட்டால் இன்னொன்று பிடிக்கும் என்ற நம்பிக்கையில்தான் வெறும் வெளியில் காலை வைக்கிறோம். காலை வைப்பதற்கு முன்னால் உன்னுடைய பட்டையை நான் இழுத்துப் பார்க்க வேண்டும், என்னுடையதை நீ இழுத்துப் பார்க்க வேண்டும். அவரவர் பட்டையை அவரவரே பார்த்தால் போதாது என்பது நம் தொழிலின் சட்டம். நீ இழுத்துப் பார்த்து, என் தோளில் ஒரு தட்டு தட்டி, “சரி மச்சான், எறங்கு” என்பாய். அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் மேலே திரும்பிப் பார்த்ததே கிடையாது.

மணலிப் பக்கம் அந்த அமிலத் தொட்டி வேலை நினைவிருக்கிறதா? அதை முடித்து வந்ததும் நம் சூப்பர்வைசர் நம் நான்கு பட்டைகளையும் கழித்துவிட்டார். அமில ஆவி பட்ட நைலான் உள்ளுக்குள்ளே செத்துப்போகும், வெளியே கடையில் வாங்கிய மாதிரி பளபளவென்று இருக்கும். அதனால்தான் கழித்த பட்டையை அங்கேயே இரண்டு துண்டாக வெட்டிப் போட வேண்டும். இல்லையென்றால் யாராவது ஒரு ஏமாந்தவன் நல்லது என்று நினைத்து எடுத்து மாட்டிவிடுவான். நமக்குப் புதுப் பட்டைகள் வந்தன. சோதித்ததற்கு அடையாளமாக அவற்றின் தையல்மேல் பச்சை டேப் சுற்றித் தந்தார்.

அப்போதுதான் நீ தலையைச் சொறிந்துகொண்டு நின்றாய். “சார், பழசுல ரெண்ட மட்டும் வெட்டாம குடு சார். வூட்ல சம்சாரத்துக்கு ஒரு தூளி கட்டணும். மனுசி சொம்மா படுக்கறதுக்குத்தான்.”

“வேலைக்கு வந்துடக் கூடாது ஏழுமலை.”

“எங்கம்மா மேல சத்தியம் சார்.”

பக்கத்திலேயே நின்று நானும் உனக்காகச் சிபாரிசு செய்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கஸ்தூரி அக்கா படும் பாட்டை நானும்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வீசிங். நெருப்பு மாதிரி சுடும் அந்த அறையில், ஜன்னலைத் திறந்தால் சாம்பலும் கேஸ் நாற்றமும். மல்லாக்கப் படுத்தால் மூச்சு முட்டும், ஒருக்களித்தால் இருமும். அரைகுறையாகச் சாய்ந்து, மேலே காற்றில் இருந்தால்தான் கண் மூடுவாள். ஈசிசேர் வாங்கிப் பார்த்தாய், இடுப்பு வலிக்கிறது என்றாள். அப்புறம் எங்கிருந்தோ வலையில் பின்னிய ஊஞ்சல் ஒன்றை வாங்கி வந்தாய். கடையில் அதற்கு ஹேமக் என்று பெயர் சொன்னார்களாம். அக்கா அதைப் பார்த்ததும், “எனக்கின்னாத்துக்கு தூளி? நான் இன்னா கொயந்தயா?” என்று சிரித்தாள். அன்றிலிருந்து அது தூளிதான்.

தூளி வந்துவிட்டது, கட்டுவது எங்கே? இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய மாதிரி அட்டையில் படம் போட்டிருந்தான். நம் தெருவில் மரம் என்று சொன்னால் கரண்ட் கம்பம்தான். மொட்டை மாடியில் ஆணி அடிக்கக் கூடாது, ஓட்டை போடக் கூடாது என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டது. நீ மாடிக்குப் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாய். தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண் ஒன்று, மாடிப்படி அறையின் தூண் ஒன்று. “இன்னா மச்சான், சிம்னில தொங்கத் தெரிஞ்சவனுக்கு மாடில தொங்கத் தெரியாதா?” என்றாய்.

ஓட்டை போடாமல் தூணைச் சுற்றிப் பட்டையை மடக்கி மாட்டினாய். சிமென்ட் முனை பட்டையை அறுக்காமல் இருக்க உன் பழைய ஜீன்ஸ் பேன்ட்டைக் கிழித்து நடுவே வைத்தாய். பட்டையில் கொக்கி, கொக்கியில் தூளி. சிம்னியில் செய்வதையேதான் மாடியிலும் செய்தாய். தொளதொளவென்று விட்டால் அக்காவின் முதுகு மடிந்து மூச்சு முட்டியது, அதனால் நன்றாக இறுக்கிவிட்டாய். அப்படி இறுக்கினால் படுக்கிறவரின் எடையைவிட அதிகமாக இரண்டு பக்கமும் இழுக்கும் என்று நம் இருவருக்கும் தெரியும். அக்கா ஏறிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். நான் டீ குடித்தேன். நீ குடிக்கவில்லை. கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் தூங்குகிற சந்தோஷத்தில் டீயை மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

அந்த வாரம்தான் பழைய பைப்புகளைப் போடுவதற்குக் காயலாங்கடைக்குப் போனோம். எடைமேடையில் என்னைத் தூக்கி நிறுத்தினாய். பிறகு நீ ஏறினாய். “யோவ், நீ என்ல பாதிதான்யா மச்சான், பட்டம் மாதிரி கீற” என்று சொல்லி, கடைக்காரனையும் சேர்த்துச் சிரிக்க வைத்தாய். நானும் சிரித்தேன். எடைபோட்டுத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தாய் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

உன் காரியத்துக்கு மறுநாள் தூளியைக் கழற்றித் துவைக்கலாம் என்று மாடிக்குப் போனேன். கறுப்பாகச் சாம்பல் படிந்திருந்தது. பட்டையை அவிழ்த்தபோது தையலுக்கு நடுவே ஓர் எழுத்து தெரிந்தது. ‘டி’. டில்லிக்கு ‘டி’, என் கையெழுத்து. புதுப் பட்டை வந்ததும், சூப்பர்வைசர் டேப் சுற்றுவதற்குள் தையலில் பேனாவால் என் எழுத்தைப் போட்டுவைப்பது என் பழக்கம், உனக்கும் தெரியும். இன்னொரு தூணில் இருந்த பட்டையிலும் ‘டி’. இரண்டிலும் டேப் இருந்த இடத்தில் பிசின் ஒட்டிக்கொண்டிருந்தது.

கீழே ஓடினேன். என் வேலைப் பையை அவிழ்த்தேன். பச்சை டேப்பை உரித்தேன். உள்ளே என் எழுத்து இல்லை. நீ தூளிக்கென்று கேட்டு வாங்கிய உன் பழைய பட்டைகள்.

பட்டை மாறிப்போயிருக்கும், வீட்டில் ஒரே மூலையில் கிடந்ததால் கை தவறியிருக்கும் என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டேன். ஆனால் கை தவறினால் டேப் மாறுமா மாமா? நல்ல பட்டையிலிருந்து டேப்பை அலுங்காமல் உரித்து, செத்த பட்டையில் சுற்றியிருக்கிறாய். அதற்கு வெளிச்சம் வேண்டும், பொறுமை வேண்டும். உன் பையையும் பார்த்தேன். உன் பட்டைகள் இரண்டும் புதுசு, பச்சை டேப்போடு அப்படியே இருந்தன. உன்னுடையதில் நீ கை வைக்கவில்லை.

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் என்னுடையது, உன் பொண்டாட்டியும் என் அக்கா.

மழைக்காலம் முழுக்க அந்தச் செத்த பட்டையில் நான் தொங்கியிருக்கிறேன். ஒவ்வொரு காலையும் நீ அதை இழுத்துப் பார்த்தாய். எப்போதையும்விட அதிக நேரம் இழுத்தாய், நான் அதைப் பாசம் என்று நினைத்தேன். என் பெயின்ட் பக்கெட்டை வாங்கி உன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டாய். “உனுக்கு தோள் வலின்னியே, குட்றா” என்றாய். என் பாரத்தைக் குறைத்திருக்கிறாய். காற்று வீசுகிற நாளில், “நீ குந்து, நான் பாத்துக்கறேன்” என்று என்னை மேலேயே உட்கார வைத்தாய். இதையெல்லாம் யோசிக்க யோசிக்க எனக்கு வெறி வருகிறது. தெரியாமல் செய்திருந்தால் பக்கெட்டை ஏன் வாங்கினாய்? தெரிந்து செய்தாய் என்றால், என் தோளில் தட்ட உனக்கு எப்படிக் கை வந்தது?

உன் கணக்கு எனக்குப் புரிகிறது. இறுக்கிக் கட்டிய தூளியில் அக்கா படுத்தால் பட்டைக்கு இழுவை அதிகம். கயிற்றில் நான் தொங்கினால் குறைவு. உன் எடைக்கு அது தாங்காது, என் எடைக்குத் தாங்கும். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் பட்டை அறுந்தால் யார் எங்கே போய் விழுவோம் என்பதை நீ அந்தக் கணக்கில் சேர்த்தாயா?

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் என்ன என்று எனக்குச் சொந்தமாகத் தெரிந்த நாள் அதுதான்.

பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்குத் திரும்பிப் போனால், அக்கா படியேறி வந்து நின்று மூச்சு வாங்கினாள். “இன்னாடா டில்லி, அவுத்துட்ட?”

“தொவைக்கலாம்னு.”

“சீக்கிரம் கட்டிடு. நீ குடுத்த பட்டதான்டா என்னிய தூங்க வச்சுகினு கீது. உங்க மாமா சொன்னாரு. டில்லி அவனோட புதுச அக்காவுக்குன்னு கயட்டிக் குடுத்துட்டான், அவன் வேற வாங்கிக்கினான்னு. ரெண்டு நாளு அதையே சொல்லிகினு இருந்தாரு, எம்மச்சான் தங்கம்னு.”

என்னைத் தங்கமாக்கிவிட்டுப் போயிருக்கிறாய். என் கையாலேயே அந்தப் பட்டைகளைத் திரும்பக் கட்டினேன். அவள் ஏறிப் படுத்துக்கொண்டு உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். உன் போட்டோவுக்குக் கதம்பம் வேண்டாம், மல்லியே வாங்கி வா என்றாள்.

அதற்கப்புறம் நான் வேலைக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் போன் செய்தால் எடுக்கவில்லை. அங்கே இன்னொருத்தன் என் பட்டையை இழுத்துப் பார்த்து ‘சரி’ என்பான். அதைக் கேட்டுவிட்டு எப்படி இறங்குவது? அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. துக்கத்தில் கிடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தினமும் எனக்கு வஞ்சிர மீனாக வறுத்துப் போட்டாள். சொன்னால் அவளுக்கு இருக்கிற ஒரே புருஷனையும், அவன் செத்த பிறகு, அவளிடமிருந்து பிடுங்குவேன். சொல்லாவிட்டால் உன் பொய்யை நான் சுமக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் குந்திக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் தூளியில் படுத்தபடியே கேட்டாள். “இன்னும் எத்தினி நாளு இப்டியே குந்திகினு இருப்ப? உங்க மாமா இருந்தா வுட்ருப்பாரா? உன்னிய கண்ணு மாதிரி பாத்துகினாரே.”

கண்ணு மாதிரி என்ற சொல்தான் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்தாள். காலைத் தொங்கவிட்டாள். தரையைப் பார்த்தாள்.

“நான் இத்தேலர்ந்து உயுந்தா எவ்ளோ உயுவேன்டா?”

அவளே கையால் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். “இம்மாம். நீ?”

நம் மாடியிலிருந்து அனல்மின் நிலையத்துச் சிம்னி தெரியும், உனக்குத் தெரியாததா. அவளும் அதையே பார்த்தாள். “எம்பேர்ல பண்ணிட்டாரு. எங்கிட்ட கேட்டுருந்தா தரைலயே கெடந்துருப்பேனே” என்று சொல்லிவிட்டு இறங்கிக் கீழே போனாள்.

உன் போட்டோவுக்குப் பூ நின்றுபோனது. ஒரு வகையில் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை மாமா. பூ இல்லாமல் உன் மூஞ்சி ஓட்டர் ஐடியில் இருப்பது மாதிரி திருதிருவென்று முழிக்கிறது. அக்கா தூளியில் ஏறவே இல்லை, பட்டையோடு கழற்றி வைக்கச் சொல்லிவிட்டாள். சுவரோரம் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடி கிடந்தாள். அறை முழுக்க அவள் மூச்சின் சத்தம்தான். உன்மேல் இருந்த கோபத்தில் அவள் தூக்கத்தை நான் பிடுங்கிவிட்டேன்.

ஒரு காலையில் அவளாகவே, “அந்தப் பழச எட்தா” என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அருவாமனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் ஒரு பக்கம் பிடிக்க, அவள் ஒரு பக்கம் பிடித்து, இரண்டு பட்டையையும் அறுத்தோம். சீக்கிரத்தில் அறுபடவில்லை. அறுத்த இடத்தில் நூல் நன்றாகத்தான் இருந்தது. பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன். அறுபடவே அறுபடாது என்று தெரிந்திருந்தாலாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அது என்னை எந்த நாள் விட்டிருக்கும், விட்டிருக்குமா விட்டிருக்காதா என்று எனக்குக் கடைசிவரைக்கும் தெரியப் போவதில்லை.

சூப்பர்வைசருக்குப் போன் செய்து, கழித்த பட்டையெல்லாம் வெட்டியாகிவிட்டது, எனக்கு வேறு பட்டை வேண்டும், திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். என் நல்ல பட்டைகள் இரண்டையும் தூளியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, எங்கிட்ட கேளு.”

“இன்னாத்த கேக்கறது?”

“பட்ட வோணும்னு கேளு.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையிலிருந்த கிளிப்பைக் கொடியில் மாட்டினாள். பிறகு, “டில்லி, எனுக்கு படுக்க முடில. அந்தப் பட்டய எனுக்கு குட்றா” என்றாள்.

“எட்துக்கோ” என்றேன்.

இவ்வளவுதான் மாமா. துணி காயப்போடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. இதை என்னிடம் கேட்க உனக்கு ஏன் வாய் வரவில்லை? தர மாட்டேன் என்று நினைத்தாயா? எத்தனை தடவை ஒரே தட்டில் சாப்பிட்டிருப்போம். நான் தர மாட்டேன் என்று நீ நினைத்திருந்தால், அதுதான் எல்லாவற்றையும்விட எனக்கு வலிக்கிறது.

அவள் முன்னாலேயே தூணில் கட்டினேன். என் எடையைப் போட்டுத் தொங்கிப் பார்த்தேன், பிறகு அவளையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். ஏறிப் படுத்தாள். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் வாய் திறந்துகொண்டது.

இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு, “வெளில போடு, நாலு பேரு பொண்டாட்டிங்களும் கேக்கட்டும்” என்றாள்.

ஒரு சத்தியம் செய்து தருகிறேன். உன்னை மாதிரி அம்மா மேல் இல்லை, என் மேலேயே. அக்காவை நான் பார்த்துக்கொள்வேன். வருஷம் தவறாமல் அந்தப் பட்டையை மாற்றுவேன், கழித்ததை அவள் முன்னாலேயே வெட்டுவேன். பூவும் வாங்கி வருவேன், வைப்பதும் வைக்காததும் அவள் இஷ்டம். உன்னை மன்னிப்பேன் என்று மட்டும் எழுத முடியவில்லை. எழுதினால் அது உன் பச்சை டேப் மாதிரி ஆகிவிடும்.

கீழே ‘உன் மச்சான்’ என்று எழுதி, அடித்துவிட்டேன். என்றைக்காவது திரும்ப எழுத வந்தால் எழுதுகிறேன். இப்போதைக்கு,

உன் பொண்டாட்டியின் தம்பி,
டில்லி